இரவல் முகங்கள்

காசில்லாமல் படம் எடுக்க முனைபவனிடம் எல்லோரும் கேமராவைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என்ன கேமரா, எந்த லென்ஸ், எதில் படத்தொகுப்பு. கால் நூற்றாண்டுக்கு முன் அது நியாயமான கேள்வி. ஃபிலிம் சுருளின் விலையைக் கேட்டதுமே பலருடைய கனவுகள் கலைந்துபோயின. இன்று சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியே போதும். படத்தொகுப்பு மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை மலிவாகாத ஒன்று உண்டு. ஒரே மனிதர், அதே முகத்தோடு, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்பது.

மதுரையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இதுவரை மூன்று குறும்படங்கள் எடுத்திருக்கிறோம். எவருக்கும் சினிமாவில் நுழையும் உத்தேசம் இல்லை (நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்). நடிக்க வருபவருக்கு எங்களால் தரமுடிந்தது பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். 'வாய்ப்பு' என்ற சொல்லைத் தரமுடியாது. சென்னையில் அச்சொல் செல்லுபடியாகும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் பிற நவீன நாடகக் குழுக்களும் பயிற்றுவித்த நடிகர்கள் அங்கே இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' வந்த பிறகு, குறும்படம் பெரிய திரைக்குப் போகும் ஒரு வழியாகவும் ஆகிவிட்டது. கார்த்திக் சுப்பராஜின் குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதி பிற்பாடு எங்கே போனார் என்பது ஊருக்கே தெரியும். இதையெல்லாம் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, ஞாயித்துக்கிழமை கடைய யாரு பாப்பா?" என்றார். அதற்கு உலக சினிமாவில் பதில் இல்லை.

தொழில்முறை அல்லாத நடிகரைப் பற்றி எழுதுபவர்கள் முகத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். மண்ணின் முகம், வெயில் எழுதிய முகம் என்றெல்லாம். முகங்களுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. கீழமாசி வீதியில் பத்து நிமிடம் நின்றால் நூறு முகங்கள் கடந்துபோகும். நாம் கேட்பது அவர்களுடைய நாட்களை. எங்கள் முதல் படத்தில் தேநீர் மாஸ்டர் ஒருவர் தந்தையாக நடித்தார். அற்புதமான மனிதர். பாதிப் படம் முடிந்திருந்தது. அடுத்த ஞாயிறு பளபளவென்று மொட்டைத் தலையோடு வந்து நின்றார். மகளுக்குப் பிள்ளை பிறந்தால் பழனிக்கு முடி தருவதாக வேண்டுதலாம். பேரன் புதன்கிழமை பிறந்துவிட்டான். கையில் மைசூர்பாகுப் பெட்டி வேறு. யார் என்ன சொல்லமுடியும்? கதையிலும் தந்தைக்கு ஒரு வேண்டுதல் ஏற்பட்டது.

சத்யஜித் ராய் இந்த அவஸ்தையை எங்களைவிடப் பெரிய அளவில் அனுபவித்தவர். 1952இல் தொடங்கிய 'பதேர் பாஞ்சாலி' 1955இல்தான் வெளிவந்தது. விளம்பர நிறுவன வேலையை விடாமல் விடுமுறை நாட்களில் எடுத்தார். பணம் தீரும்போதெல்லாம் படப்பிடிப்பு நின்றது. அப்புவைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தபோது, ஒரு பெண்குழந்தையின் முடியை வெட்டிப் பையன் என்று அழைத்துவந்த கதையும் நடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனை ராயின் மனைவி பிஜோயாதான் கண்டுபிடித்தார். அந்த நீண்ட இடைவெளியில் அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டி இறந்துவிடவில்லை. இம்மூன்றையும் ராய் அற்புதங்கள் என்றே கணக்கிட்டார். திரைக்கலை பற்றிய பல தடித்த நூல்களைவிட இந்த மூன்று வரிக் கணக்கு எனக்கு முக்கியமானது.

அந்தப் பாட்டி சுனிபாலா தேவி. மேடையில் நடித்து ஓய்ந்து, மறக்கப்பட்டிருந்தவர். ஏறத்தாழ 80 வயதில் ராய் அவரைத் தேடிப் பிடித்தார். நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் ஊதியம். எங்கள் மூன்றாவது படத்துக்கு ஒரு கிழவி தேவைப்பட்டபோது நாங்களும் அந்த வழியில்தான் போனோம். நியாயவிலைக் கடையின் கருவியில் கைரேகை விழாமல் திரும்பத் திரும்ப அனுப்பப்படும் ஒருத்தியின் கதை அது.

மதுரையில் இருப்பவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அது நிரந்தரக் குழு அன்று. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அழைக்கப்பட்டு, ஒத்திகையே இல்லாமல், விடிய விடிய மேடையில் நாடகத்தை நடத்திக்கொண்டு போவார்கள். பெயர் பெற்ற நடிகைகளுக்கும் தெருவில் கிடைத்த மரியாதை வேறு மாதிரி. ஆண்களோடு ஊர் ஊராக இரவில் பயணம் செய்யும் பெண் என்றால் சனங்களின் நாக்கு சும்மா இருக்குமா?

ஆர்மோனியக்காரர் ஒருவர் வழியாக, எழுபதைக் கடந்த முன்னாள் ஸ்திரீபார்ட் ஒருவரைக் கண்டடைந்தோம். கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கையமர்த்தினார். "கத கெடக்கட்டும் தம்பி. எத்தன நாளு? தேதியச் சொல்லி அட்வான்ஸ வச்சிட்டுப் போங்க." நான் சந்தித்தவர்களில் இதைச் சரியான வரிசையில் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான்கு நாட்கள் என்றோம். ஐந்நூறு ரூபாயை வெற்றிலைமேல் வைத்துக் கொடுத்தோம். நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

முதல் ஷாட்டில் அவர் பேசிய வசனம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. ஒலிப்பதிவு செய்த நண்பன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டான். ஒலிபெருக்கி சரியாக எட்டாத கடைசி வரிசைக்கும் சேர்த்துப் பேசிப் பழகிய தொண்டை. எங்களில் ஒருவன் இயல்பு நடிப்பைப் பற்றி நீண்ட விளக்கம் தொடங்கினான். பாதியிலேயே, "பக்கத்துல நிக்கிறவனுக்கு மட்டும் கேட்டாப் போதும்ங்கிறீங்க, அம்புட்டுத்தானே அப்பு?" என்றார். அத்தோடு சரி. கருவியில் மூன்றாம் முறை விரலை வைப்பதற்கு முன், அதைச் சேலை முந்தானையில் துடைத்து, புதிதாய்ப் பார்ப்பதுபோலத் தன் விரலையே பார்த்தார். திரைக்கதையில் அது இல்லை. படத்தில் பார்க்கத்தக்கது என்று ஏதாவது இருந்தால் அந்த ஐந்து விநாடிகள்தான்.

நான்காம் நாள் மாலை அவருடைய மகன் வந்தார். சண்டைக்கு வரவில்லை, மிக மரியாதையாகவே பேசினார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அம்மா நாடகத்தில் இருந்தது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. படம் வரட்டும், பெயர் மட்டும் போடவேண்டாம் என்றார். அவரை என்னால் வில்லனாக நினைக்க முடியவில்லை. நாடகக்காரி மகன் என்று பள்ளிக்கூடத்தில் அழைக்கப்பட்டவர் அவர். அம்மாவோ, "நாப்பது வருசம் நோட்டீசுல போட்டோவோட பேர் போட்டாய்ங்க, இப்ப என்ன?" என்றார். பிறகு பேசவில்லை.

'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) படத்துக்குப் பணம் தர முன்வந்த ஹாலிவுட் தயாரிப்பாளர் கேரி கிராண்டை நாயகனாக்கச் சொன்னார். டி சிகா மறுத்து, லாம்பெர்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியைத் தேர்ந்தெடுத்ததை நாமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆட்குறைப்பில் மஜ்ஜொரானிக்கு ஆலை வேலை போனது. படத்தில் சம்பாதித்தவர்தானே என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. திரையில் வேலை தேடி அலைந்தவர் பின்னர் நிஜமாகவே வேலை தேடி அலைந்தார். சிறு வேடங்களுக்குமேல் சினிமாவும் தரவில்லை. டி சிகாவின் மேதைமையை இது சற்றும் குறைக்காது. ஆனால் இரவல் வாங்கிய முகத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் படம் முடிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இரண்டு திரைப்பட விழாக்களின் கடைசித் தேதிகள் கடந்துவிட்டன. பெயரை மாற்றிப் போட்டு அனுப்பிவிடலாம் என்று ஒரு நண்பன் ஒரு மாதமாக என்னோடு சண்டை போடுகிறான். அவனுடைய உழைப்பும் அதில் இருக்கிறது, கோபம் பொய்யில்லை. சுனிபாலா தேவி வெளியீடுவரை இருக்கமாட்டார் என்று அஞ்சி, ராய் அவர் வீட்டுக்கே படத்தைக் கொண்டுபோய்த் திரையிட்டுக் காட்டியதாகப் படித்திருக்கிறேன். நாங்களும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனோம். மகன் வேலைக்குப் போயிருந்த நேரம். அசையாமல் பார்த்தார். முடிந்ததும், "கொரலு ரொம்பச் சன்னமா இருக்கே" என்றார். பெயரைப் பற்றிக் கேட்டதற்கு, "தையில கல்யாணம். முடியட்டும். அப்புறம் போடுங்க, பெருசாவே போடுங்க" என்றார்.

அதுவரை படம் பெட்டிக்குள் இருக்கிறது. அடுத்ததற்குப் பத்து வயதுப் பையன் ஒருவன் வேண்டும். மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பக்கம் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கியதிலிருந்து, அந்தப் படத்துச் சிறுவனைப் போலவா என்று கேட்கும் பெற்றோர் ஓரிருவர் தென்படுகிறார்கள். போன வாரம் பார்த்த பையனின் தாய், கதையைக் கேட்கவில்லை. எத்தனை நாள் என்றார். ஆறு நாட்கள். அரையாண்டு விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும், தலைமுடியை வெட்டக் கூடாது என்றால் பள்ளிக்கூடத்தில் நீங்களே வந்து சொல்லவேண்டும் என்றார். திங்கட்கிழமை போகவேண்டும்.