வாட்ச்ல கோளாறு இல்ல சார்

பணி ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் என் சீகோ ஃபைவ் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் நாலேகாலிலோ ஐந்தரையிலோ முள் நின்றிருக்கும். குலுக்கினால் ஓடும். மறுநாள் விடிவதற்குள் மறுபடி நிற்கும். எண்பதுகளில் துபாயில் வேலை பார்த்த தாய்மாமா எனக்கென்று கொண்டுவந்த வாட்ச் அது. வயதாகிவிட்டது, உள்ளே ஏதோ தேய்ந்திருக்கும் என்று நினைத்து, மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

போனபோது வாட்ச் அவர் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. “வாட்ச்ல கோளாறு இல்ல சார். மெஷின்ல மாட்டிச் சுத்தவிட்டு எடுத்து வச்சேன், முழுசா ஓடுது” என்றார். கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றிக்கொண்டே, “ரிட்டயர் ஆயிட்டீங்களா?” என்று கேட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆட்டோமேட்டிக் வாட்சின் பின்மூடியைத் திறந்தால் அரைவட்டத் தகடு ஒன்று தெரியும். அதுதான் ரோட்டர். கை அசைய அசைய அது சுற்றும். அந்தச் சுற்றலில் மெயின் ஸ்பிரிங் முறுக்கேறும். முழுதாக ஏறினால் சுமார் நாற்பது மணி நேரம் ஓடும். வகுப்பில் இடது கையில் புத்தகமும் வலது கையில் சாக்பீஸுமாக பெஞ்சுகளுக்கு நடுவே நாள் முழுக்க நடந்தவன், மாடிப்படி ஏறி இறங்கியவன், பைக்கில் போய் வந்தவன், இப்போது சாய்வு நாற்காலியில் தினத்தாளோடு உட்கார்ந்திருக்கிறான். ஸ்பிரிங்குக்கு அரை வயிறுதான் நிரம்புகிறது. ராத்திரி கழற்றி வைத்தால் விடியும்வரை தாங்குவதில்லை. “சாயங்காலம் நடக்கிறேனே” என்று என் மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். “கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தானே நடக்கிறீங்க” என்றாள்.

விஷயத்தைக் கேட்ட மகன், “வைண்டர்னு ஒண்ணு இருக்குப்பா, வாங்கி அனுப்பவா?” என்றான். சின்னப் பெட்டி. உள்ளே ஒரு தலையணை. அதில் வாட்சைக் கட்டி வைத்தால் மோட்டார் சுழற்றும். கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு ஓய்ந்திருக்கும், மறுபடி சுற்றும். நாளைக்கு 650 சுற்றா, 800 சுற்றா என்று வைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாயிலிருந்து லட்சங்கள்வரை கிடைக்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. வாட்ச் நிற்கிறதே என்ற கவலை அதில் பாதிகூட இல்லை. கண்ணாடி மூடிக்குப் பின்னால் அது மெதுவாகத் திரும்புவதை வருகிறவர்கள் பார்த்து, “இது என்ன சார்?” என்று கேட்க வேண்டும். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. “ரிட்டயர் ஆயிட்டீங்களா?” என்ற கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. இனி அந்தக் கேள்வியை வாட்ச் யாரையும் கேட்க வைக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவன் கை செய்ததை ஒரு மோட்டார் செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

வாங்குவதற்கு முன் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். படுக்கையறையில் இரும்பு பீரோ மேல்தான் இடம் இருந்தது. பகலில் சத்தமே கேட்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் பீரோ முழுக்க ‘ஙொய்’ என்று அதிர ஆரம்பித்தது. நிற்கும், அப்பாடா என்று கண்ணயர்ந்தால் மறுபடி ஆரம்பிக்கும். “இதுக்குக் கொசுவே தேவலாம்” என்று மனைவி எழுந்து ஒயரைப் பிடுங்கினாள்.

அந்தச் சாக்கில் ரிப்பேர்காரரிடம் உட்கார்ந்து பேச வாய்த்தது. அவர் கடையில் சுற்றும் மெஷினும் கிட்டத்தட்ட வைண்டர்தான். சர்வீஸ் செய்த ஆட்டோமேட்டிக் சரியாக முறுக்கேறுகிறதா என்று பார்க்க வைத்திருக்கிறார். நான் முதலில் கேட்டது, நின்றால் வாட்ச் கெட்டுப்போகுமா என்றுதான். கெடாது என்றார். பழைய காலத்து எண்ணெய்கள் நாளாக ஆக இறுகும். அதனால்தான் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. இப்போது போடுவது செயற்கை எண்ணெய். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் பாதகமில்லை. ஓடாத நேரத்தில் பல்சக்கரங்களுக்குத் தேய்மானமும் இல்லை.

அதிகமாக முறுக்கேறி ஸ்பிரிங் அறுந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் வெளி நுனியைக் கொக்கி போட்டு மாட்டுவதில்லை. முழுதாக ஏறியதும் உருளையின் உட்சுவரில் வழுக்கிவிடும். மட்டமான வைண்டரில் பயப்பட வேண்டியது காந்தம். மோட்டாருக்கு உறை சரியில்லை என்றால் ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி, வாட்ச் நாளுக்கு நிமிஷக் கணக்கில் முந்த ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு திசைகாட்டி போதும். பக்கத்தில் கொண்டுபோனதும் அதன் முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது.

திசையும் ஒரு விஷயம். சீகோ 1959இல் கொண்டுவந்த ‘மேஜிக் லீவர்’ அமைப்பில் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் முறுக்கேறும். என்னிடம் உள்ள இன்னொன்று, மகன் வாங்கித் தந்த சிட்டிசன். அது ஒரு பக்கச் சுற்றுக்கு மட்டும் முறுக்கேறும் ரகம். மறுபக்கம் ரோட்டர் சும்மா சுழன்றோடுவதைக் காதருகே வைத்தால் ‘விர்’ரென்று கேட்கலாம். வைண்டரைத் தப்பான திசையில் வைத்தால் இரவெல்லாம் சுற்றியும் அதற்கு ஒரு பலனும் இருக்காது.

சிட்டிசனுக்குச் சாவி கொடுக்கலாம், காலையில் நாலு திருகு திருகினால் ஓடிவிடும். மாமா கொடுத்த சீகோவில் அந்த வசதி கிடையாது. 1963இல் சீகோ ஃபைவ் வந்தபோதே சாவியை மூன்றுக்கு நேராக வைக்காமல் நாலுக்கு நேராக, கேஸுக்குள் பாதி புதைத்து வைத்தார்கள். அதைத் தொடவே அவசியம் இல்லை என்பதுதான் பெருமை. நின்றுபோனால்தான் சங்கடம், நகத்தால் நெம்பி இழுக்க வேண்டும். வளைகுடாவுக்கென்று வந்த வாட்ச் என்பதால் கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறி மாறி வரும். கொஞ்சம் கூடத் தள்ளிவிட்டால் அரபி எழுத்தில் நின்றுவிடும். திரும்ப ஒரு சுற்று வர வேண்டும்.

தேதி மாற்றுவதில் ஒரு ஜாக்கிரதை தேவை. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்றுவரை தேதிச் சக்கரத்தோடு பற்கள் கோத்துக்கொண்டிருக்கும். அப்போது அவசரமாகத் தள்ளினால் பல் உடையலாம். நின்றுபோன வாட்ச் காட்டுவது பகலா இரவா என்று தெரியாது. எனவே முள்ளைச் சுற்றித் தேதி மாறுவதைப் பார்த்து, காலை ஆறுக்குக் கொண்டுவந்த பிறகே தேதியில் கை வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷ வேலை. இந்த ஒரு நிமிஷத்துக்கு மோட்டாரும் ஒயரும் ஒரு பெட்டியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாங்கவில்லை. அந்தப் பணத்தில் சீகோவைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொன்னேன். இன்னும் சில நாள் நிற்கத்தான் செய்கிறது. நின்றால் நிற்கட்டும், ரிட்டயர் ஆனவன் வாட்ச்தானே.

வைண்டரே வீண் என்று சொல்ல மாட்டேன். லீப் வருஷம்வரை தானே கணக்கு வைத்து, 2100 பிப்ரவரிவரை தேதி திருத்தத் தேவையில்லாத ‘பெர்பெச்சுவல் காலண்டர்’ வாட்ச் வைத்திருப்பவர் அவசியம் வாங்கலாம். அது நின்றால் ஊசி முனை போன்ற பித்தான்களை வரிசை தப்பாமல் அழுத்தித் திருத்த வேண்டும். விரல் நடுங்குகிற, மூட்டு வலிக்கிற பெரியவர்கள் தங்கள் பழைய ஆட்டோமேட்டிக்கைத்தான் கட்டுவேன் என்றால், அவர்களுக்கும் பிள்ளைகள் தாராளமாக வாங்கித் தரலாம். என்னைப்போல இரண்டு சாதாரண வாட்சை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு அது வீண் செலவு. மீறி வாங்குவதானால் திசையும் சுற்றும் மாற்ற வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இரும்பு பீரோ மேல் மட்டும் வைக்காதீர்கள்.