கூட்டலும் கூட்டும்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஏன் முழுவதும் திருத்தி எழுதினேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். விடை சற்று நகைப்புக்குரியது. மல்லாபூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பிளைவுட் மேசையும் 76 புளியங்கொட்டைகளும்தாம் காரணம்.

அவ்வியல் 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் நடந்த போரைப் பற்றியது. குண்டூரிலிருந்து தெற்கே வந்த கர்னல் பெய்லியின் ஏறத்தாழ 2,800 பேர் கொண்ட படையைத் திப்பு பெரம்பாக்கத்தில் மறித்தார். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ தம் முழுப்படையையும் நகர்த்தாமல், ஃப்ளெட்சர் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரைத் துணைக்கு அனுப்பினார். ஐரோப்பியக் கிரனேடியர்கள், இலகு காலாட்படையினர், சிப்பாய்க் கிரனேடியர்கள் எனப் பொறுக்கி எடுத்த வீரர்கள் அவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த மறுநாளே அந்தப் படை அழிந்தது. ஃப்ளெட்சர் மாண்டார், பெய்லி சிறைப்பட்டு 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

இரண்டாண்டுகளாக நான் எழுதிவந்தது இதுதான்: 2,800உடன் 1,000 சேர்ந்து 3,800 ஆயிற்று, அவ்வளவு வலிமை இருந்தும் இரவில் பயணத்தை நிறுத்தியதால் பெய்லி தோற்றார்.

போரை மேசைமேல் நிகழ்த்திப் பார்ப்பது புதிதன்று. 1824இல் ரைஸ்விட்ஸ் வகுத்த கிரீக்ஸ்பீல் பிரஷ்யப் படையின் பயிற்சிமுறையாகவே விளங்கியது. ஈயப் பொம்மைகள் வாங்க எங்களுக்கு வசதியில்லை. ஒரு புளியங்கொட்டை 50 வீரர், சோழி குதிரைப்படை, சுண்ணக்கட்டியால் வரைந்த கோடு சாலை. வரிசைக் காலாட்படை சேர்ந்து நின்று சுட்டால் பகடையில் ஒன்று கூடும். கிரனேடியர்கள் நெருங்கித் தாக்கினால் இரண்டு கூடும். இலகு காலாட்படைக்கு மட்டும் சிதறி நின்று சுட்டுவிட்டுப் பின்வாங்கும் உரிமை உண்டு. இயற்பியல் ஆய்வாளரான அறைத்தோழர் திப்புவானார், நான் பெய்லி.

முதல் ஆட்டத்தில் சிறந்த 20 கொட்டைகளையும் சதுர வியூகத்துக்குள் வைத்தேன். விரைவாகத் தோற்றேன். சதுரத்துக்குள் இலகு காலாட்படை சிதற முடியாது; அதன் திறமை அங்கே வீண். சோழிகள் எட்டவே நின்று பீரங்கிகளை முன்னே விட்டதால், நெருங்கித் தாக்கக் கிரனேடியர்களுக்கு எதிரியே கிட்டவில்லை. அடுத்த ஆட்டத்தில் இலகு காலாட்படையை முன்திரையாகப் பரப்பினேன். அதன்பின் வரிசைப்படையை நிறுத்தி, கிரனேடியர்களை ஒரு மூலையில் சேமப்படையாக வைத்தேன். திரை பீரங்கிக்காரர்களைத் தொந்தரவு செய்தது. வரிசைப்படையின் சூட்டுக்குப் பின்னால் திரை பாதுகாப்பாகத் திரும்பியது. அதைத் துரத்தி வந்த சோழிகள்மீது கிரனேடியர்கள் பாய்ந்தனர். தோல்விதான் எனினும் இருமடங்கு நேரம் நின்றேன். இறுதியில் வெடிமருந்து வண்டிகளுக்கான பகடை எனக்கு எதிராக விழுந்தது. உண்மைப் போரிலும் அவ்வண்டிகள் வெடித்தன.

ஆட்டம் முடிந்ததும் தோழர் கேட்டார்: "அன்னா, இந்த இருபதும் எங்கிருந்து வந்தன? அங்கே இப்போது யார் நிற்கிறார்கள்?"

அந்தக் கேள்விதான் என் இயலை உடைத்தது. பெய்லிக்கு என்ன சேர்ந்தது என்று மட்டுமே எண்ணியிருந்தேனே தவிர, மன்றோவிடமிருந்து என்ன பிரிந்தது என்று எண்ணவில்லை. வேவு பார்க்கவும் விரைந்து முன்செல்லவும் வல்லவர்களை அனுப்பிவிட்ட படை, பீரங்கி ஓசை கேட்டும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அவர்களைப் பெற்ற படைக்கோ, அத்திறனைப் பயன்படுத்த இடமில்லை. சிறப்புப்படையின் சிறப்பு அதனுள் மட்டும் இல்லை. அருகில் நிற்கும் சாதாரணப் படையோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது. அவ்வுறவை அறுத்துவிட்டு ஆட்களை மட்டும் அனுப்புவது கூட்டல், கூட்டு ஆகாது.

புளியங்கொட்டை ஆட்டம் சான்றாகாது என்பதை அறிவேன். ஆட்டக்காரனுக்கு முழுக்களமும் தெரியும், பெய்லிக்குத் தெரியவில்லை. விதிகளை வகுத்ததும் நாங்களே. ஆனால் ஆவணங்களிடம் நான் கேட்கத் தவறிய கேள்வியை அது கேட்டது. "வலுவூட்டல்" என்ற சொல்லை இயலிலிருந்து நீக்கிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. தோற்ற கொட்டைகளை டப்பாவில் அள்ளிப் போடும்போது, ஒவ்வொன்றும் 50 பேர் என்பது நினைவுக்கு வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். என் இயலில் தளபதிகள் அனைவருக்கும் பெயர் இருக்கிறது. இவர்களுள் ஒருவருக்கும் இல்லை. அடுத்துத் திருத்த வேண்டியது அதைத்தான்.