அரசமரம் சொன்ன அறிவுரை

செவ்வாய் இரவு

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' படித்து முடித்தேன். 1915-இல் 'விவேகபோதினி'யில் வந்த கதை. தமிழின் முதல் சிறுகதை என்று பள்ளி நாளிலிருந்து கேட்டுவந்த பெயர். ஆசையோடு உட்கார்ந்தவன் மனம் கசந்துபோய் எழுந்தேன்.

முதல் பாதி அருமை. ருக்மிணியைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த மரம் பேசுகிறது. பேத்தியைப் பற்றிப் பேசும் பாட்டியின் வாஞ்சை அந்தக் குரலில். அப்புறம் அர்பத்நாட் கம்பெனி முறிகிறது. இது கற்பனை இல்லை. 1906 அக்டோபரில் சென்னையில் அந்த நிறுவனம் திவாலாகி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியது. கதையில் ருக்மிணியின் அப்பா காமேசுவரய்யரும் பணத்தை இழக்கிறார். உடனே சம்பந்தி வீட்டில் முகம் மாறுகிறது. மாமியார் ஜானகி மகனுக்கு வேறு பெண் பார்க்கத் துணிகிறாள். பட்டணத்தில் ஒரு கம்பெனி கதவடைத்தால் கிராமத்தில் ஒரு பெண்ணின் தாலிக்கு மதிப்புப் போய்விடுகிறது! இதை எழுதத் தெரிந்தவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புதன்

அந்த நிமிர்வு நிலைக்கவில்லை. கணவன் நாகராஜனுக்கு இரண்டாம் கல்யாணத்தில் சம்மதமே இல்லையாம். கடைசி நேரத்தில் மறுத்து எல்லாரையும் திகைக்கவைக்கப் போகிறானாம். நண்பன் ஸ்ரீநிவாசனிடம் சொல்கிறான். தவித்து நிற்கும் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து சாகிறாள், அவன் சந்நியாசியாகிறான். வேடிக்கைக்காகக்கூடப் பெண்கள் மனத்தை நோகடிக்காதீர்கள் என்று மரம் நமக்கு அறிவுரை சொல்கிறது.

வேடிக்கையா அவளைக் கொன்றது? பணம் போனதும் மருமகளை வேண்டாமென்ற குடும்பம் எங்கே போயிற்று? மனைவி உயிரோடிருக்க இன்னொருத்தியைக் கட்டலாம் என்ற வழக்கம் எங்கே? சென்னை மாகாணத்தில் இந்து ஆண்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949-இல்தான் வந்தது. நாகராஜன் உண்மையாகவே சம்மதித்திருந்தால் யாராலும் தடுத்திருக்க முடியாது. அவன் நல்லவன் என்று காட்டியதும் ஜானகியும் அவள் கணவர் ராமசுவாமி ஐயரும் கதையின் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள். இந்தக் கதை ஐயரின் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வெளியானது. ஒரு பெண்ணே சொல்லும் அறிவுரையாக அன்றைய வாசகர்கள் படித்திருப்பார்கள். அது இன்னும் வலிக்கிறது.

சனி

தாகூர் 1884-இல் எழுதிய படித்துறைக் கதையை எடுத்துப் படித்தேன். ஐயரின் கதைக்கு அதுவே மூலம் என்று விமர்சகர்கள் சொல்லிவருகிறார்கள். அங்கே பேசுவது கங்கைக்கரைப் படிக்கட்டு. சிறுவயதிலேயே விதவையான குசும், ஒரு சந்நியாசியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். தன்னை மறந்துவிடச் சொல்லி அவர் போய்விட, அவள் நீரில் இறங்குகிறாள். படிக்கட்டு தான் கண்டதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. யாரைக் குற்றம் சொல்வது என்ற கேள்வி நம்மிடம் வந்து சேர்கிறது. இரவெல்லாம் அதோடு இருந்தேன்.

ஐயரிடம் படிக்கட்டில் இல்லாத பெருஞ்செல்வம் இருந்தது: வங்கி முறிவு, சீர்ப்பணம், சம்பந்திகளின் பேராசை. அத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டுப் பிள்ளையின் அசட்டுத்தனத்தில் கதையை முடித்தார் என்பதே என் வருத்தம்.

இதை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'முதல் சிறுகதை' என்று சொல்லித் தேர்வுக்குக் குறித்துக்கொடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். ருக்மிணி செத்ததற்கு யார் பொறுப்பு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மரம் சொன்ன பதிலை அவர்கள் ஏற்கவேண்டியதில்லை.