பட்டமும் ஊழியமும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லும் சாலையில் மாநில எல்லையைக் கடந்ததும் ஒரு சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. கொங்கு நாட்டில் ‘பட்டக்காரர்’ என்றால் நிலமும் வழிவழி மரியாதையும் உடைய தலைவர். பழையகோட்டைப் பட்டக்காரர் என்பது பலரும் அறிந்த வழக்கு. எல்லைக்கு அப்பால், மலையாளத்தில், ‘பட்டக்காரன்’ என்றால் குருத்துவம் பெற்ற கிறிஸ்தவக் குரு. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் ‘குருப்பட்டம்’ என்னும் வழக்கிலும் இதே பட்டம்தான் உள்ளது. அரசரும் படைத்தலைவரும் நெற்றியில் அணிந்த பொற்தகடே பட்டத்தின் பழம்பொருள். ஆகவே இச்சொல்லுக்குள் ஓர் அரசவை ஒளிந்திருக்கிறது.

குருப்பட்டத்துக்கு ஆயத்தமாகும் இளைஞரிடம் எதற்காக வந்தீர் என்று கேட்டால், பட்டம் பெற என்று அவர் சொல்வதில்லை, ‘ஊழியத்துக்கு’ என்பார். தமிழ்ச் சபைகளின் அன்றாடப் பேச்சில் இது அவ்வளவு இயல்பான சொல். ஆனால் இடுக்கி மலைகள் அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலையின் பெயர். சுமை தூக்கவும், கோயில்களுக்கும் அரசுக்கும் வேண்டிய பணிகளைச் செய்யவும் ஒடுக்கப்பட்ட சாதியினர் இழுத்துச் செல்லப்பட்டனர். கோயில் சார்ந்த ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்கு வேண்டும் என்பது 1810களில் மிஷனரிமாரும் பிரிட்டிஷ் ரெசிடென்டும் முன்னிறுத்திய கோரிக்கைகளுள் ஒன்று. எந்த வேலையிலிருந்து விடுதலை வேண்டினார்களோ அதே வேலையின் பெயரைத் தாங்கள் மனமுவந்து செய்யும் இறைப்பணிக்கும் மக்கள் வழங்கினர். மலையாளச் சபைகள் ‘சுஸ்ரூஷை’ என்ற வடசொல்லைப் பெரிதும் கையாள, தமிழ்ச் சபைகள் ஊழியத்தை விடவில்லை. தாம் ஊழியம் பெறுவதற்காக வரவில்லை, ஊழியம் புரியவே வந்ததாக மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் கருத்து, இப்பின்னணியில் வெறும் பணிவுரையாக ஒலிக்காது.

நெற்றிக்குரிய சொல் ஒன்று, முதுகுக்குரிய சொல் ஒன்று. குருப்பட்ட நாளில் இவ்விரண்டும் ஒரே மனிதர்மேல் ஏற்றப்படுகின்றன. இவற்றுள் எது முன், எது பின் என்பதுதான் ஆயத்தம் பற்றிய கேள்வியின் சாரம்.

தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் முதல் நிகழ்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. கடலூரில் வணிகக் குடும்பம் ஒன்றில் ஆறுமுகமாகப் பிறந்த ஆரோன், 1718இல் சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்றார். உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். தஞ்சை அரசின் எல்லைக்குள் ஐரோப்பியர் தடையின்றி நடமாட இயலாத காலம் அது. எனவே உள்நாட்டுச் சபைகளைத் தாங்கியவர்கள் அவரைப் போன்ற தமிழ் உபதேசியார்களே. போதிக்கவும் நோயுற்றோரைச் சந்திக்கவும் அவர்களால் இயன்றது. திருவிருந்து அளிக்கும் உரிமை இல்லை. 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தச் சபைக் குருமாருள் அவரே முதல்வர். அப்பமும் இரசமும் கொடுக்கும் உரிமை அன்று அவருக்குக் கிட்டியது. நடந்த கிராமங்களும் கேட்ட துயரங்களும் முன்பிருந்தவையே. 15 ஆண்டு ஊழியத்தின் பின்னரே பட்டம் வந்தது.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்விலும் இதே வரிசையைக் காணலாம். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவின் மகனாகப் பிறந்த அவர், குருவின் இல்லத்தை உள்ளிருந்தே அறிந்தவர். எனினும் பட்டத்தை நாடி விரையவில்லை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. பணியாளராகத் தென்னிந்தியாவெங்கும் சுற்றினார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். அச்சங்கம் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கலுக்கு ஆள்களை அனுப்பியது. பிறரை அனுப்பியவர் தாமே போகாதிருப்பது முறையா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றார்; 35 வயதில், தம் தாய்மொழி வழங்காத ஊரில், தெலுங்கு கற்கத் தொடங்கினார். மேடைகளில் தேர்ந்த பேச்சாளர் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவரானதையே அவருடைய ஆயத்தத்தின் உச்சமாகக் கொள்ளலாம். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, அந்தப் பட்டத்துக்குக் கீழே ஏற்கெனவே ஊழியம் இருந்தது.

இன்றைய வழி சற்று வேறானது. சபையின் பரிந்துரை, இறையியல் கல்லூரி, செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. பட்டம், பின்னர் டீக்கன், அதன்பின் குரு. எபிரேயமும் கிரேக்கமும் கற்பது வீண் அல்ல. மூலமொழி அறியாத விளக்கம் பிறர் விளக்கத்தின் நிழலாகிவிடும். ஆனால் கல்விப்பட்டம் முந்தியும் ஊழியம் பிந்தியும் வருகையில், முதல் சொல் இரண்டாம் சொல்லை விழுங்கும் வாய்ப்பு மிகுதி.

அதைச் சோதிக்கும் இடங்களுள் ஒன்று மூணாறு. அங்கு மேட்டிலுள்ள சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்கு முன்பே கல்லறைத் தோட்டம் உருவாகிவிட்டது. 1894இல் இறந்த எலினோர் நைட்டின் அடக்கம் முந்தியது. ஆலயம் 1910இல்தான் எழத் தொடங்கியது. தோட்டத்துரைமாருக்காக எழுந்த அவ்வாலயத்தில் இன்று தமிழிலும் ஆராதனை நடக்கிறது. கங்காணிமாரால் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் இம்மலைகளின் லயங்களில் வாழ்கின்றனர். 2015 செப்டம்பரில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகச் சாலையில் அமர்ந்தனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 70 பேர் மாண்டனர். இவ்விரு நிகழ்வுகளின் முன்னும் ஒரு குரு எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதை எந்தப் பாடத்திட்டமும் முழுமையாகக் கற்பிக்க இயலாது. பெட்டிமுடி போன்ற இடத்தில் சொல்லப்படும் அடக்க ஆராதனைச் சொற்கள், லயத்து வாசலில் முன்னரே அமர்ந்து பழகியவருடைய வாயிலிருந்து வந்தால்தான் ஆறுதலாகும்.

தமிழ்க் கத்தோலிக்கர் பலர் வாழும் பாலக்காட்டுப் பகுதிக்கு 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது. கத்தோலிக்கக் குருத்துவத் திருச்சடங்கில், புனிதர் மன்றாட்டு பாடப்படும்போது, குருவாக இருப்பவர் பீடத்தின் முன் முகங்குப்புறக் கிடக்கிறார். ஆயரின் கைகள் தலைமேல் வைக்கப்படுவது அதன் பிறகுதான். பட்டம் சூட வேண்டிய நெற்றி முதலில் தரையைத் தொட வேண்டும் என்பதைச் சடங்கு சொல்லின்றி உணர்த்துகிறது. எழுந்து நின்ற பின்னும் நெற்றி அந்தத் தரையை மறவாதிருப்பதே ஆயத்தம். அது பட்டம் பெறும் நாளோடு முடிவதில்லை.