52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்த கல்லூரி... வேப்பேரியில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பெரியமேடு வழியாக வேப்பேரிக்குள் நுழைந்தால் ஹாரன் சத்தம்தான் காதை அடைக்கும். அதற்கு நடுவே திடீரென்று ஒரு மாடு கத்தினால், சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

காலையிலேயே வாசல் களைகட்டிவிடுகிறது. ஆட்டோவிலிருந்து நாயை மடியில் அணைத்தபடி ஒருவர் இறங்குகிறார். கூடைக்குள்ளிருந்து ஒரு பூனை எட்டிப் பார்க்கிறது. 'குட்டி யானை' வண்டியில் ஒரு பசு வந்து நிற்கிறது. கூடவே வெள்ளை கோட்டு மாணவர்கள். இது ஆஸ்பத்திரியா, கல்லூரியா என்று கேட்டால், இரண்டும்தான். இங்கே நோயாளிகளும் பாடத்தின் ஒரு பகுதி.

20 பேரோடு தொடங்கியது

1903 அக்டோபரில் 'டாபின் ஹால்' என்ற வாடகைக் கட்டடத்தில், 20 மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி இது. இரண்டே வருடத்தில் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்கு முதன்முதலில் பட்டம் கொடுத்த பெருமை இந்தக் கல்லூரிக்குத்தான். 1989-லிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

படிப்பு ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக வேலை. பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் நீட்.

சேர்ந்தவுடன் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏம்பா, மனுஷ டாக்டருக்கு சீட் கிடைக்கலையா?" ஒரு தடவை மாட்டுத் தொழுவத்தில் கால் வைத்துவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை.

முதல் பாடம்: எப்படிப் பக்கத்தில் போவது?

ஊசி போடுவதெல்லாம் பிறகு. முதலில் பயமுறுத்தாமல் பக்கத்தில் போகத் தெரிய வேண்டும். மாட்டுக்குத் தலையின் இரண்டு பக்கமும் கண். சுற்றியுள்ள எல்லாமே தெரியும், நேர் பின்பக்கத்தைத் தவிர. அங்கிருந்து சத்தம் காட்டாமல் போய்த் தொட்டால் உதை நிச்சயம். குரல் கொடுத்துக்கொண்டே, அது பார்க்கிற பக்கமாகப் போக வேண்டும்.

அடுத்தது, பேசாத ஜீவன் சொல்வதைப் படிப்பது. மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா? அசை போடுகிறதா? காது தொங்குகிறதா? மந்தையை விட்டுத் தனியாக நிற்கிறதா? மனிதனுக்கு 101.5 டிகிரி என்றால் காய்ச்சல், மாட்டுக்கு அது சாதாரணம். இடது பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தால், உள்ளே இரைப்பை அசைவது தெரியும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை. அந்த அசைவு நின்றுவிட்டால் உள்ளே ஏதோ சரியில்லை.

அந்த 52 கிலோ

2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பசுவை இங்கே கொண்டுவந்தார்கள். கன்று ஈன்று சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பால் குறைந்துவிட்டது. வலி தாங்காமல் தன் வயிற்றைத் தானே காலால் உதைத்துக்கொண்டது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்த அறுவை சிகிச்சையில் வயிற்றிலிருந்து வெளியே வந்தது 52 கிலோ கழிவு. பெரும்பாலும் பிளாஸ்டிக்!

மாடு ஏன் இதைத் தின்கிறது? மாடு மென்று தின்பதில்லை. நாக்கால் சுழற்றி இழுத்து அப்படியே விழுங்கிவிடும். பிறகுதான் சாவகாசமாக அசை போடும். சோறு ஒட்டிய கவரில் சோற்றை மட்டும் பிரித்தெடுக்க அதற்குத் தெரியாது. உள்ளே போன கவர் செரிக்காது, வெளியேயும் வராது. வருடக்கணக்கில் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் மாடு பட்டினி கிடக்கும்.

பட்டத்தின் மறுபாதி

அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த பிறகு மாடு எங்கே போகும்? மேய்ச்சல் நிலம் இல்லாத நகரத்தில், திரும்பவும் அதே தெருவுக்கு, அதே குப்பைத்தொட்டிக்கு. மருந்தால் மட்டும் தீராத பிரச்னை இது.

இந்தப் பட்டத்தின் முழுப் பெயர் 'கால்நடை மருத்துவம் மற்றும் பராமரிப்பு'. ஊரார் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். பாடத்திட்டம் மறக்கவில்லை. தீவனம், கொட்டகை, கறவை, இனப்பெருக்கம், விலங்கு நலச் சட்டம் எல்லாமே பாடம்தான். பசி தாகம், அசௌகரியம், வலியும் நோயும், பயம் இவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம் என்று 1979-ல் இங்கிலாந்தில் வகுத்த 'ஐந்து சுதந்திரங்கள்' உலகம் முழுக்க விலங்கு நலத்துக்கு அளவுகோல்.

சென்னைக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வருவதற்கு மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர், கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தை முதலில் வழிநடத்தியவரும் அவரே.

இங்கிருந்து படித்து வெளியேறும் பலர் அரசு கால்நடை மருந்தகங்களுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு கறவை மாடுதான் பல வீடுகளுக்கு மாதச் சம்பளம். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் மளிகைக் கணக்கும் அதன் மடியில்தான் இருக்கின்றன. மாடு படுத்துவிட்டால் வீடும் படுத்துவிடும். ஊசி போட்டு முடித்ததும் "தண்ணி எத்தனை தடவை காட்டுறீங்க, கொட்டகையில காத்து வருதா?" என்று விசாரிக்கிற டாக்டர்தான் அந்த வீட்டுக்கு வேண்டும்.

சாயங்காலம் கூட்டம் குறைகிறது. குட்டி யானை வண்டி பசுவோடு கிளம்புகிறது. அது திரும்பிப் போகும் தெருவில், யாரோ ஒருவர் மீந்த சோற்றை கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கலாம். அந்த முடிச்சை அவிழ்த்து, சோற்றை மட்டும் தனியாகக் கொட்டினாலே போதும். அந்த மாடு மறுபடியும் வேப்பேரிக்கு வர வேண்டியிருக்காது.