நமக்குக் கேட்காத ஓசை



2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் நாமும் நோயுற்றோம். அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தோம். போன வாசனை மட்டும் திரும்பவில்லை. அத்தரின் நறுமணமும், பிரியாணியின் தம்மை உடைக்கையில் எழும் மணமும் நமக்கு நினைவாகவே நின்றுவிட்டன. அதை ஒரு பெருங்குறையாக நாம் எண்ணவில்லை. ஓதிக்கொடுப்பவருக்கு நாவும் செவியும் போதுமல்லவா என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

மறு ஆண்டு ஒரு நாள், ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ள நம் வீட்டில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம். துணைவியார் தம் தமக்கை வீட்டுக்குச் சென்றிருந்தார். நாம் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, மறுநாள் பாடத்துக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தோம். ஒன்பது வயது மகள் வந்து, "வாப்பா, கேஸ் வாசம் வருது" என்றாள். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. "அப்படி ஒன்றும் இல்லை, போய்ப் படி" என்றோம். சிறிது நேரத்தில் மீண்டும் வந்து அதையே சொன்னாள். படிப்பதற்குச் சோம்பி ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்று கடிந்துகொண்டோம்.

மூன்றாம் முறை அவள் நம்மிடம் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மையாரை அழைத்துவந்துவிட்டாள். நாம் அப்போதுதான் எழுந்து, சமையலறை விளக்கைப் போடுவதற்காகச் சுவிட்சில் கைவைக்கப் போனோம். வாசலில் கால் வைத்த அம்மையார், "ஐயையோ பாய், சுவிட்சைத் தொடாதீங்க!" என்று கத்தினார். உள்ளே ஓடி ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டார். பிறகு சோப்பு நீரைத் தடவிப் பார்த்தபோது, ரப்பர் டியூப் அடுப்போடு சேரும் இடத்தில் குமிழிகள் கிளம்பின. டியூபின் மேல் அச்சிட்டிருந்த காலக்கெடு முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை மாற்ற வேண்டியவர் நாமேயன்றி வேறு யாருமில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விபத்து நேராததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினோம். ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சைக் குடைந்தது. நமக்கு வாசனை இல்லை என்பது நமக்கே நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், "எனக்குத் தெரியவில்லை" என்பதை "இல்லை" என்று எப்படிச் சொன்னோம்?

இதற்கு விடையொன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் மின்நிலையத்தில் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். விடுமுறையில் வந்தவர் நம்மைக் காண வந்தார். நடந்ததைக் கேட்டதும், "ஹஜ்ரத், எங்க பிளாண்ட்லயும் மூக்கு வேலை செய்யாத இடம் ஒண்ணு இருக்கு. அங்க நாங்க காதை வெச்சிருக்கோம்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கேஸ் டர்பைன் காற்றை உறிஞ்சி அழுத்தி, அதில் எரிவாயுவை எரித்து, அந்த வெப்பக் காற்றின் வேகத்தால் சுழலும் இயந்திரம். அதற்குள் செல்லும் எரிவாயு வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பெரும்பாலும் இருபது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் செல்கிறது. டர்பைனை ஒரு பெரிய கூண்டறைக்குள் வைத்திருப்பார்கள். வெப்பம் தேங்காதிருக்க, அங்கே விசிறிகள் ஓயாமல் காற்றை வீசிக்கொண்டிருக்கும். குழாயில் ஊசிமுனை அளவு துளை விழுந்து வாயு கசிந்தால், அந்தக் காற்றே அதைக் கலைத்து அடித்துச் சென்றுவிடும். வாயுவை முகர்ந்தறியும் கருவி சுவரில் இருந்தாலும், கசிவு அதை எட்டாமலே போகக்கூடும். மூக்கு இருந்தும் பயனில்லாத நிலை.

ஆனால் கசியும் வாயு ஓசையின்றி வெளியேறுவதில்லை. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கைத் தாண்டிவிட்டால், துளையின் வாயில் வாயு ஒலியின் வேகத்தையே எட்டிவிடுகிறது. அந்தப் பாய்ச்சலில் எழும் ஓசையின் ஒரு பகுதி மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; வயது ஏற ஏற அந்த மேல் எல்லையும் குறையும். அதற்கும் மேலுள்ள, 25,000 அதிர்வுகளைத் தாண்டிய ஓசையை மட்டும் செவிமடுக்கும் ஒலிவாங்கிகளை அங்கே பொருத்துகிறார்கள். இயந்திரத்தின் பேரிரைச்சல் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிடுவதால், இரைச்சலின் நடுவிலும் கசிவின் ஓசை தனித்துக் கேட்கிறது. வாயு திரண்டு கருவியை அடையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வால்வு திறக்கும்போது எழும் நொடிநேர ஓசைக்கு ஏமாறாதிருக்க, சில நொடிகள் தொடர்ந்து கேட்ட பின்னரே எச்சரிக்கை மணி அடிக்கும்.

இது ஏதோ தொலைதூரச் செய்தி என்று எண்ண வேண்டாம். வடசென்னையில் பேசின் பிரிட்ஜ், திருவாரூர் மாவட்டத்தில் திருமாக்கோட்டை, மயிலாடுதுறை அருகே குத்தாலம், இராமநாதபுரம் அருகே வழுதூர் என நம் மாநிலத்திலும் கேஸ் டர்பைன் மின்நிலையங்கள் உள்ளன. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்திலும், சோடியத்தின் வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் கலன்களில் நீர் கசிந்தால் அதை ஓசையால் கண்டறியும் ஆய்வுகள் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நடந்திருக்கின்றன.

கசிவை உரிய நேரத்தில் அறியாதுபோனால் என்ன நேரும் என்பதற்கு 2014 ஜூன் 27 சான்று. அது ஒரு வெள்ளிக்கிழமை. ரமழானுக்குச் சில நாட்களே இருந்தன. ஆந்திராவின் அன்றைய கிழக்குக் கோதாவரி மாவட்டம் நகரம் என்னும் கிராமத்தில், விஜயவாடா அருகிலுள்ள மின்நிலையத்துக்கு இயற்கை எரிவாயு கொண்டுசெல்லும் குழாயில் கசிவு ஏற்பட்டது. அதிகாலையில் அந்த வாயு குடியிருப்புகளுக்கிடையே பரவித் தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இயற்கை எரிவாயுவுக்குத் தனக்கென நிறமோ மணமோ கிடையாது. நம் வீட்டு சிலிண்டரில் வரும் நாற்றம்கூட, நம்மை எச்சரிப்பதற்காகவே கலக்கப்படும் மெர்காப்டன் என்னும் பொருளின் நாற்றம்தான்.

"அந்தக் கருவி ஒன்றை நம் வீட்டில் மாட்டலாமா?" என்று மாணவரிடம் கேட்டோம். சிரித்துவிட்டார். ரெகுலேட்டரைத் தாண்டி வரும் வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு. அது இரைச்சலின்றிக் கசியும். அந்தச் செவிக்கு அது கேட்காது. வீட்டுக்கு ஏற்றவை சோப்பு நீரும், ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றும் டியூபும், வாசனை அறியும் ஒரு மனிதரும்தான் என்றார்.

அவர் இறுதியாகச் சொன்ன ஒன்று நம் மனத்தில் ஆழமாகத் தைத்தது. அத்தகைய கருவிகளில் சிலவற்றுக்குள் சிறிய ஒலியெழுப்பி ஒன்று உண்டாம். குறித்த இடைவெளிகளில் அது தானே ஓர் ஓசையை எழுப்பும். ஒலிவாங்கி அதைக் கேட்டால் செவி நலமாக உள்ளது என்று பொருள். கேட்காவிட்டால், "நான் பழுதாகிவிட்டேன், என்னை நம்பாதீர்கள்" என்று கருவியே அறிவித்துவிடும். கேட்கும் திறனை இழந்த ஒரு செவியின் அமைதியை, ஆபத்து இல்லை என்பதன் அடையாளமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாதல்லவா?

சகோதரர்களே! முஹாஸபா, அதாவது தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்ளுதல் பற்றி எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். ஓர் ஒலிவாங்கி செய்வதை நாம் செய்யவில்லை. நம் மூக்கு பழுதானது என்று அறிந்தும், அதன் சாட்சியத்தை ஏற்று, பழுதற்ற ஒரு சிறுமியின் சாட்சியத்தைத் தள்ளினோம். வயதும் கல்வியும் தந்தை என்னும் தகுதியும் சேர்ந்து எழுப்பிய இரைச்சலில், அவளுடைய மெல்லிய குரல் நமக்குக் கேட்கவில்லை. அனைத்தையும் செவியுறும் அஸ்ஸமீஉ அல்லாஹ் ஒருவனே. நமக்குக் கேட்டதும் தெரிந்ததும் மட்டுமே உண்மை என்று எண்ண நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மாணவர் சென்ற பின் மகளை அழைத்து அருகில் அமர்த்தி, "வாப்பா அன்று தவறு செய்துவிட்டேன், மன்னித்துவிடு" என்றோம். அவள் நாணத்துடன் சிரித்து, "பரவாயில்ல வாப்பா. ஆனா டியூப் மாத்துனீங்களா?" என்று கேட்டாள். மாற்றியிருந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

உறங்குமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும், எலி திரியை இழுத்துச்சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று காரணம் சொன்னதும் நாம் அறிந்தவையே. அந்த ஸுன்னத்தை இன்று நம் இல்லத்தில் இப்படிக் கடைப்பிடிக்கிறோம்: இஷாவுக்குப் பின் ரெகுலேட்டரை மூடுவது நம் பொறுப்பு; சமையலறையில் நின்று முகர்ந்து பார்த்துச் சொல்வது மகளின் பொறுப்பு. உங்கள் இல்லத்திலும் டியூபின் காலக்கெடுவை இன்றே பாருங்கள். கசிவென்று ஐயம் எழுந்தால் சுவிட்சைத் தொடாமல் சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். அதற்கும் முன்பாக, வீட்டில் எவரேனும் "வாசம் வருது" என்றால், அது குழந்தையே ஆனாலும், எழுந்து சென்று பாருங்கள்.

பழுதான நம் புலன்களின் மீது நாம் கொள்ளும் வீண் நம்பிக்கையிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக! நம் பிள்ளைகளின் குரலைக் கேட்கும் பணிவை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.