இடந்தலை ஓசை

1984-ஆம் ஆண்டுத் தில்லிக் குளிர்காலத்தில் எங்கள் அன்னையார் இடுப்பெலும்பு முறிந்து உள்ளறைக் கட்டிலில் படுத்தார். இந்தி அறியாத அவருக்கு அண்டை வீட்டார் பேச்சும் துணையாகவில்லை. பாட்டு ஒன்றே துணை. கூடத்து டேப் ரிக்கார்டரின் ஓசையோ உள்ளறைக்குச் சரிவர எட்டவில்லை. ஆகவே, அண்ணன் தம்பி இருவரும் ஒலிபெருக்கிகள் இரண்டையும் அவர் அறைக்குக் கொண்டுசெல்ல முனைந்தோம். இடைத்தொலைவு பத்து மீட்டர்.

கடையில் காட்டிய வெளிநாட்டுக் கம்பியின் விலை எங்கள் மாத வாடகையை நெருங்கியது. வீடு திரும்பிக் கணக்கிட்டோம். ஒலிபெருக்கி 8 ஓம். போகவும் மீளவும் கம்பி 20 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் அழைப்புமணிக் கம்பியெனில் அதன் தடையே ஏறத்தாழ 0.7 ஓம். வீட்டு மின்னிணைப்புக்கு இடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியெனில் 0.14 ஓம் மட்டுமே. இதற்குமேல் என்ன வேண்டும்?

பகீரத் பேலஸ் கடைத்தெருவில் பல இழைக் கம்பி, சிவப்பும் கறுப்புமாக வாங்கினோம். முறுக்கினால் நீளம் குறையுமாதலால் ஒவ்வொன்றும் 11 மீட்டர். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் கைத்துளைக்கருவியில் மாட்டி, ஒருவர் இழுத்துப் பிடிக்க மற்றவர் சுற்றினோம். நுனித்தோல் நீக்கி, ஓரிழையும் பக்கத்து முனையைத் தொடாதவாறு திரித்தோம். தொட்டால் ஆம்பிளிபையர் கருகும்.

அரியக்குடி பாட, பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த நாடாவை ஓடவிட்டோம். அன்னையார் கண்மூடிக் கேட்டார்.

"ஏன்டா, மிருதங்கத்துக்கு இடக்கை ஒடிஞ்சுபோச்சா?"

திகைத்தோம். ஆராய்ந்தபோது ஓர் ஒலிபெருக்கியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. ஒன்று முன்தள்ளுகையில் மற்றது பின்வாங்க, ஆழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. நாங்கள் கணக்குப் பார்த்தும் காணாத பிழையை அவர் செவி கண்டது. மாற்றி இணைத்தோம். தொப்பியின் கும்காரம் கட்டில்வரை எட்டியது. அவர் விரல்கள் போர்வைமேல் தாளமிட்டன.

மறு ஆண்டு அவர் மறைந்தார். மூன்று வீடுகள் மாறினோம். அக்கம்பி மட்டும் இன்றும் உழைக்கிறது. நம்மோடு அயலூருக்கு வந்து உள்ளறையில் அடங்கிவிட்ட முதியோர் எத்தனையோ பேர். கூடத்துப் பாட்டை அவர்களிடம் கொண்டுசேர்க்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சாதாரணக் கம்பியும், ஒரு மாலைப்பொழுதும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையும் போதும்.